செருப்புப் பாட்டும் மில்லுக்காரர் களமும்

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் மாடியறைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அக்கா, சொந்தப் பாட்டு ஹிட்டாகணும்னா என்ன செய்யணும்?" நல்ல கேள்வி. எனக்கும் ஒரு பாட்டு பயங்கரமாக ஹிட்டானது. அது ஹிட்டான பிறகு கொஞ்ச காலம் என்னை ஒரு கல்யாணத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. பாடக் கூப்பிடாததை விடுங்கள், சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை.

எந்தக் கம்பி வாங்குவது, எந்த மைக்கில் பதிவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி என் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே கெட்ட தொண்டைதான். டாக்டர் இனிமேல் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார், பேசக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார். அதனால் உட்காருங்கள்.

எங்கள் குழுவின் பெயர் மரவள்ளி. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மரவள்ளிக் கொல்லைதான், அதுபோல நாங்களும் எல்லா இடத்திலும் இருப்போம் என்று கனவு. நான் பாட்டு எழுதிப் பாடி கிட்டார் வாசிப்பேன். டிரம்ஸ் கோவிந்தன். கல்வராயன் மலைக்காரன். அவர்கள் வீட்டில் சாமை அறுப்பு என்றால் எங்களுக்கு ரிகர்சல் கிடையாது. டிரம் செட்டை பஸ்ஸின் மேலே கட்டி மலையிலிருந்து இறக்குவான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் சிம்பல் தானாக அடித்துக்கொள்ளும். பேஸ் கிட்டார் வாசிக்க யாராவது ஒருவர் இருப்பார். கல்யாணமானதும் காணாமல் போவார், வேறொருவர் வருவார். பெயர் வைத்துப் பழகுவதையே நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்த ஹிட் பாட்டு பிறந்த கதை ரொம்பக் கேவலமானது. எனக்கு ஒருத்தன்மேல் காதல். ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தான். வந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவ்வளவுதான், பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்து வெறுங்காலோடு ஓடினான். வாசலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு அப்படியே கிடந்தது. அதைக் கேட்டுக்கூட அவன் திரும்பி வரவில்லை. நெய்வேலிப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வேறு செருப்பு வாங்கியிருப்பான். நான் உட்கார்ந்து பாட்டு எழுதினேன்.

செருப்ப விட்டுட்டுப் போறியே
திரும்பி வருவன்னு நெனச்சிக்கவா
தெருவெல்லாம் முள்ளு கெடக்குதே
தூக்கி எறிய மனசு வல்லியே

இன்டர்நெட்டில் போட்டோம். என் சித்தி பெண் கேட்டாள், கோவிந்தனின் மாமன் கேட்டார். மலையில் சிக்னல் கிடைக்காததால் அவரும் பாதிதான் கேட்டார்.

பிறகு எலவனாசூர்கோட்டையில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்ததாம். அவர் மகன் செல்போனில் எங்கள் பாட்டைக் கேட்டிருக்கிறான், மைக் செட்காரரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அழாதவர்கள் யாருமில்லை என்று பேச்சு பரவியது. அங்கிருந்து தியாகதுருகம், சின்னசேலம், கச்சிராயபாளையம் என்று சாவு விழுந்த வீட்டிலெல்லாம் என் பாட்டுதான்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஏதோ கூட்டம், பஸ் ஊர்ந்தது. தூரத்தில் ஹாரன் ஸ்பீக்கரில் என்னுடைய கிட்டார்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்து சீட்டு அம்மாவிடம், "இது நான் பாடினதுங்க" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் முன்னால் பூப்பல்லக்கு. பொதுவெளியில் என் முதல் நிகழ்ச்சி ஒரு பிணத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் சாவு ஊர்வலம் கடைத்தெருவைக் கடக்கும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். போகப் போக ஊர்வலம் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. என் குரல் காற்றில் வந்தாலே ஷட்டர் இறங்கியது. ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனில் பாடுவதற்காக கிட்டாரைச் சுருதி சேர்த்தேன், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அத்தை மேடைக்கே வந்துவிட்டார். "நீ அந்த செருப்புப் பொண்ணுதானே? வேணாம் கண்ணு, போய் சாப்பிடு" என்றார். போனேன். அந்தப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே இருந்தது.

நேராக கச்சிராயபாளையம் மைக் செட்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்னாங்கண்ணா இது? அது லவ் பாட்டுண்ணா!"

"லவ்வோ கிவ்வோ, நல்லா போய்க்கினு இருக்குதும்மா. வயசானவங்களுக்கும் பொருந்துது, சின்ன வயசுக்கும் பொருந்துது. எத்தினி பாட்டுக்கு இந்த ராசி வரும்?"

"நடுவுல எலக்ட்ரிக் கிட்டார் கதறுதேண்ணா! அதக் கேட்டுமா போடுறீங்க?"

"அந்த எடத்துலதாம்மா பொம்பளைங்க ஜாஸ்தி அழுவுறாங்க."

என் கிட்டார் வாசிப்பைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இனிதான் விஷயம். பெங்களூரில் சொந்தப் பாட்டுக்காரர்களுக்கென்று ஒரு பெரிய விழா. நாங்கள் விண்ணப்பித்தோம். சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு நடுவில் நாங்கள் பாடுவதைப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து ஒரு அம்மாவும் ஒரு கேமராக்காரரும் வருவதாகச் சொன்னார்கள். கோவிந்தன் அதற்கு முன்பே சொல்லியிருந்தான். "இதுவும் வல்லன்னா நான் மலையிலயே இருந்துக்கிறேன்க்கா. கொல்லைய யாராவது பாக்கணும்ல." அவன் போனால் மரவள்ளி இல்லை.

கச்சிராயபாளையத்தில் மில்லுக்காரர் என்றால் ஒருவர்தான். ராமலிங்கம். அவருடைய அரிசி மில்லுக்குப் பக்கத்தில் நெல் காயவைக்கும் பெரிய சிமென்ட் களம். முறைத்துக்கொண்டேதான் அதைக் கொடுத்தார். ஒரே கட்டளை: "நெல்லு காயிற எடம். எவன் வந்தாலும் செருப்ப கேட்டாண்ட கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

நிகழ்ச்சி நெருங்கும்போது அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. மகன்கள் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் நிறுத்திவிடலாம் என்று அவர் மனைவி அலமேலம்மாவிடம் போனோம். "அவரு வாக்கு குடுத்துட்டாரு. நடத்துங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பசங்க நல்லா இருக்காருன்னுதான் சொல்றானுங்க. ஆனா எங்கிட்ட எதையும் மறைப்பானுங்கம்மா" என்றார். அன்று காலைகூட அவருடைய பெரிய மகன் எனக்குப் போன் செய்திருந்தான். அப்பா தேறிவிட்டார், கஞ்சியில் உப்பில்லை என்று நர்சுடன் சண்டை போடுகிறார் என்று சிரித்தான். அதை நான் அலமேலம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. கூட்டம் சேர்ந்தது. கேட்டருகே செருப்புக் குவியல். மைக் செட்காரரிடம் மேடைக்கு மட்டும் பாக்ஸ் ஸ்பீக்கர் போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் எங்கள்மேல் இருந்த பிரியத்தில், கௌரவமாக இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஹாரன் கட்டிவிட்டார். எனக்கு அது தெரியாது.

புதுப் பாட்டாகப் பாடினோம். ஜனங்கள் வேர்க்கடலை உரித்தபடி மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகக் கேட்கிற கூட்டத்தைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை, இதை நீங்களே சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். பெங்களூர் அம்மா மேடையோரம் வந்து, "இவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இருந்தது. ஒன்றே ஒன்று. கோவிந்தன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். நான் செருப்புப் பாட்டை எடுத்தேன்.

முதல் வரியிலேயே களம் முழுக்க எழுந்து நின்றது. சாவு ஊர்வலத்துக்கு எழுந்து நின்ற பழக்க தோஷம். கூடவே பாடினார்கள், சில பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேமராக்காரருக்கு ஒரே குஷி. இங்கேயும் அங்கேயும் ஓடினார். பெங்களூர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உருகிப்போய் நின்றார்.

அப்போதுதான் தெருவிலிருந்து ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு வரிசையாக. ஊர்க்காரர்களின் கணக்கை யோசித்துப் பாருங்கள். மில்லுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய களத்திலிருந்து செருப்புப் பாட்டு கேட்கிறது. ஓடிவந்து பார்த்தால் வாசலில் செருப்புக் குவியல், உள்ளே நின்றபடி அழுகிற கூட்டம். இதற்குமேல் என்ன வேண்டும்? "மில்லுக்காரரு போய்ட்டாராமே" என்று பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் மாலை. இரண்டு பேர் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து, துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகச் சுவரோரம் வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு சுறுசுறுப்பாக எங்களுக்கு மேடை போட ஒருவர்கூட வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. அப்புறம் கேட்டருகே அலமேலம்மாவைப் பார்த்தேன்.

வெறுங்காலோடு வந்திருந்தார். கத்தவில்லை, அழவில்லை. கையில் போன். மகன்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார், ஆஸ்பத்திரி உள்ளே அவர்கள் போனை அணைத்து வைத்திருந்திருக்கிறார்கள். குனிந்து அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்தார். யாரோ ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்தார்கள். நான் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன்.

பெங்களூர் அம்மா, "பாடுங்க, பாடுங்க, நிறுத்தாதீங்க" என்று கையைச் சுழற்றினார். நான் பாடவில்லை. ஆனால் கோவிந்தன் நிறுத்தவில்லை. மெல்லிய தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். அவனும் நிறுத்தியிருந்தால் அந்த அமைதியே அலமேலம்மாவுக்குச் செய்தியாகியிருக்கும். இதை அவன் யோசித்துத்தான் செய்தானா என்று பிறகு கேட்டேன். "கை நின்னா காலு ஓடிடும்போல இருந்துச்சிக்கா" என்றான்.

மைக்கில் கத்தினேன். "யாரும் சாவல! எல்லாரும் ஒக்காருங்க! மில்லுக்காரரு நல்லா இருக்காரு!"

ஒருவரும் உட்காரவில்லை. உட்கார மாட்டார்கள். வெளியூரில் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு நாம் என்ன சொல்லுவோம்? ஒன்றுமில்லை, நல்லா இருக்கார், கொஞ்சம் சீரியஸ், அவ்வளவுதான் என்போம். உடம்பு வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லுவோம். அலமேலம்மாவே எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பார். நான் நல்லா இருக்கார் என்று சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளுத்துக்கொண்டே போனது. மேடையைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"சொல்லிடும்மா. நான் தாங்கிக்கிறேன்."

என் தொழிலில் எத்தனையோ மேடையில் வயர் அறுந்திருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது, முட்டைகூட வந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நின்ற மாதிரி நான் எங்கேயும் நின்றதில்லை. இதமாகப் பேசினால் பொய் என்று நினைப்பார். சத்தியம் செய்தால் பெரிய பொய். அப்படியானால் ஒரு மனிதர் செத்துப்போயிருந்தால் நம் ஊரில் யாரும் செய்யவே செய்யாத காரியம் எது? அதுதான் எனக்குத் தேவைப்பட்டது. செத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். எவ்வளவு மோசமான ஆளாக இருந்தாலும் அன்றைக்கு அவர் தங்கமான மனுஷன்தான்.

கோவிந்தனைத் திரும்பிப் பார்த்து, "வேகமா அடி" என்றேன். அடித்தான். வாயில் வந்ததைப் பாடினேன்.

யாரும் சாவல யாரும் சாவல
மில்லுக்காரரு சாவல
உப்பு கம்மின்னு கஞ்சியத் தள்ளி
நர்சுகிட்ட திட்டு வாங்குறாரு

அரிசியில கல்லு பேச்சுல முள்ளு
சிரிச்சா காசு கேப்பாங்கன்னு பயம்
அவரு காசுல டீ ஒண்ணு வாங்கினா
அன்னிக்கே ஊருல மழ வரும்

மாலைக்காரர் மாலையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மைக் செட்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஏய், சாவு வூட்ல இன்னா பேச்சு பேசுற நீ?" என்று ஒருவர் கத்தினார். நான் கேட்கவில்லை. டீ வரியை இன்னும் சத்தமாக இரண்டாம் முறை பாடினேன். ஸ்வரமெல்லாம் தப்பித்தப்பி விழுந்தது.

அலமேலம்மாவின் முகத்தில் முதலில் அதிர்ச்சி. பிறகு அந்த வெளுத்த முகத்தில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தார். விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"எந்த மூட்டையிலடி கல்லு இருந்துச்சி? சொல்லுடி! எங்க மில்லு அரிசியிலயா கல்லு? வரட்டும் அவரு. வந்ததும் சொல்றேன்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே தான் சொன்னது கேட்டது. விரல் அப்படியே நின்றது. பிறகு அந்தச் சிமென்ட் தரையில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நான் மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அழுதேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பெரிய மகன். "இன்னாம்மா இத்தினி தடவ போன் பண்ணியிருக்க?" என்றான். "உங்கப்பாகிட்ட குடுடா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட முதல் வார்த்தை உப்பு.

பெங்களூருக்கு எங்களைக் கூப்பிடவில்லை. செருப்புப் பாட்டு உள்ளத்தைத் தொட்டதாம், அடுத்ததில் காமெடி செய்து கெடுத்துக்கொண்டோமாம். கோவிந்தனிடம் சொன்னேன். "வுடுக்கா. அங்க மழ ஜாஸ்தியாம், சிம்பல் துருப்புடிச்சிடும்" என்றான். மலையிலேயே இருந்துகொள்கிறேன் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மில்லுக்காரர் வீடு திரும்பியதும் ஆள் அனுப்பினார். கிட்டார் இல்லாமல் போனேன், உடைத்துவிடுவார் என்று. ஆஸ்பத்திரியிலேயே யாரோ செல்போனில் அனுப்பியதைப் பார்த்திருக்கிறார்.

"கல்லுன்னு பாடினியே, அது தப்பு" என்றார்.

"தப்புதாங்க."

"டீ மேட்டரு கரெக்டு." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மாலை வாங்கிக்கினு வந்தது யாரு? எம் மச்சானா?"

"ஆமாங்க."

"அவனப் பத்தியும் ரெண்டு வரி சேத்துக்க."

சேர்த்தேன். அப்படித்தான் அந்தப் பாட்டு வளர்ந்தது. போகிற ஊரிலெல்லாம் அவரவர் ஊர்ப் பெரிய மனிதரைத் திட்டச் சொல்லி வரி கொடுத்தார்கள். திருநாவலூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையே தன்னைத் திட்டச் சொல்லிக் கேட்டான். பெண்வீட்டார் கொடுத்த வரிகளில் பாதியை மேடையில் பாட முடியாது. பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைப் போட்டார்கள். செருப்புப் பாட்டு மட்டும் தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் தடுக்கவும் இல்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. அழுகிறவர்கள் அதை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள், சுவர் ஏறிக் குதித்தவனைவிட நல்லபடியாக.

உங்களுக்குப் பாடமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதுதான். மேடையில் பெரிய குழப்பம் வந்தால் கேமராவைப் பார்க்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாக இழக்கப்போவது யார் என்று பாருங்கள். அந்த ஒரு ஆளுக்காகப் பாடுங்கள். சுருதி தப்பினால் தப்பிவிட்டுப் போகட்டும்.

போன வருடம் மில்லுக்காரர் நிஜமாகவே போய்விட்டார். தூக்கத்தில். அலமேலம்மாவே எனக்குப் போன் செய்தார்.

"வந்து பாடும்மா."

"டாக்டர் பாடவே கூடாதுன்னு சொல்லிட்டாருங்க. குரலு இல்ல."

"உங் குரல யாரு கேட்டா? திட்டத்தான கூப்புடறேன்."

"அந்தப் பாட்டா? இன்னிக்கா?"

"செருப்புப் பாட்டு ஊருல எல்லாருக்கும் இருக்குது. எங்க வூட்டுக்காரருக்கு அவரு பாட்டு இருக்குதுல்ல."

கோவிந்தன் ஒரே ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். அதே களம். கேட்டருகே செருப்புக் குவியல். நடுவில் அவர், மாலைகளுக்குக் கீழே வழக்கம்போல முறைப்பாகத்தான் படுத்திருந்தார். மைக் செட்காரர் செருப்புப் பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். கோவிந்தன் தாளம் எடுத்தான்.

யாரும் சாவல என்று தொடங்கினேன். மில்லுக்காரரு சாவல என்ற இடத்தில் இருந்த கொஞ்சம் குரலும் உடைந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் என்னை அடிக்கிற மாதிரி பார்த்தார்கள். பாட்டில் கஞ்சி வந்தது, நர்ஸ் வந்தாள். அரிசியில கல்லு என்றதும் அவர் தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்த அலமேலம்மா நிமிர்ந்தார். அன்றைக்குப் போலவே விரலை என் பக்கம் நீட்டினார்.

"வரட்டும் அவரு. வந்ததும் சொல்றேன்."

நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை. அடுத்தது டீ வரி. பாடினேன்.